கிட்டாருக்குச் சத்தம் வாங்கப் போனோம்

கிட்டார் வாசிப்பது பாதி விரல் வேலை, மீதி ஒயர் வேலை.

மேடையில் கிட்டார் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டு ஆரம்பிக்கிற அந்த நொடியில் 'கொர்ர்' என்று ஒரு சத்தம் வந்திருக்கும். கூட்டம் மொத்தமும் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கும். நீங்கள் குனிந்து ஒயரை ஆட்டியிருப்பீர்கள். அப்படி ஆட்டிய அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த கொஞ்ச காலத்தில் எங்கள் மெல்லிசைக் குழு ஆரம்பமானது. பகலில் நான் மாம்பழ மண்டியில் எடை போடுகிறவன். குழுவை நடத்தியவர் முனிரத்தினம் அண்ணன். நல்ல பாட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு, மேடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். பெண் குரலுக்கு விமலா. மைக், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் அன்வர் பாய் பொறுப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்கு ரேடியோ ரிப்பேர் கடை. அவருக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே பைத்தியம். கிராமபோன் பிளேட்டில் கேட்கிற அந்த வெளிநாட்டு கிட்டார் சத்தம் எப்படி வருகிறது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும். "முடியுமா பாய்?" என்று கேட்டால், "முடியாதுன்னு யாரு சொன்னா?" என்பார். முடியும் என்று அவரும் சொன்னதில்லை.

தென்னை மரத்தில் கிட்டார்

முதல் கச்சேரி காரிமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. என்னிடம் இருந்தது சாதாரண மரக் கிட்டார். அதன் வயிற்றுக்குள் பழைய ஹெட்போன் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் ஒட்டி, ஒரு ஒயரை வெளியே இழுத்து, மைக் செட்டு ஆம்ப்ளிபயரில் சொருகிவிட்டார் பாய். கையைத் தேய்த்துக்கொண்டு, "எலக்ட்ரிக் கிட்டார் ரெடி!" என்றார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

ஆனால் அந்த ஆம்ப்ளிபயருக்கு இருந்தவை குழாய் ஸ்பீக்கர்கள். சாமி பாட்டு போடுவதற்காகச் செய்தவை. ஒன்று வாசல் தென்னை மரத்தில், இன்னொன்று ரோட்டைப் பார்த்து மாடியில். நான் பந்தலுக்குள் உட்கார்ந்து வாசிக்கிறேன், சத்தம் சந்தைத் திடலில் போய் இறங்குகிறது. அதுவும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி. பந்தலில் இருப்பவர்களுக்கு என் விரல் ஆடுவதுதான் தெரிகிறது. நான் உருகி உருகி வாசித்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அப்பா எழுந்து முனிரத்தினம் அண்ணனிடம் வந்து, மிகுந்த இரக்கத்தோடு சொன்னார்: "மொதல்ல அந்த ரேடியோவ அமத்தச் சொல்லுங்க. கிட்டார் தம்பி எவ்வளவு நேரமா வாசிக்கறதுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்குது பாருங்க."

வில்லன் சிரித்த ஸ்பீக்கர்

குழாய் உதவாது, கிட்டாருக்குத் தனி ஸ்பீக்கர் வேண்டும் என்று முடிவு செய்தோம். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ் கொட்டகையைப் பிரிக்கிறார்கள், சாமான்கள் விலைக்கு வருகின்றன என்று பாய்க்குத் தகவல் வந்தது. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

திரைக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. ஒன்று புதிது, பளபளவென்று கைக்கு அடக்கமாக இருந்தது. இன்னொன்று கிழடு. அண்டா வாய் அகலம், மேலெல்லாம் தூசி, காகிதத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. நான் புதிதைத் தடவிப் பார்த்தேன். பாயோ, தான் கொண்டுவந்திருந்த வால்வு ரேடியோவை ஆம்ப்ளிபயராக மாற்றிய பெட்டியைக் கிழட்டு ஸ்பீக்கரில் இணைத்து, "இதுல ஒரு இழுப்பு இழு" என்றார்.

தடித்த கம்பியை ஒரே ஒரு முறை தட்டினேன். கொட்டகையின் மண் தரையில் கிடந்த டிக்கெட் துண்டுகள் எழும்பின. என் பேண்டின் கால் பகுதி ஆடியது. சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கு நேராக வந்தது. நண்பர்களே, அந்த முதல் அடியை நீங்களும் எங்காவது வாங்கியிருப்பீர்கள். அதற்கப்புறம் மனிதன் பழைய மனிதனாக இருப்பதில்லை. நான் சிரிக்கிறேன், பாய் சிரிக்கிறார், பாதி பிரித்த கொட்டகையில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்களும் சிரிக்கிறார்கள். புரொஜக்டர் ஆபரேட்டர் மட்டும் சிரிக்காமல் வந்து, ஸ்பீக்கரை ஒரு மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொடுத்துவிட்டு எச்சரித்தார்: "மெல்ல வாசிங்க தம்பி. வருசக்கணக்கா வில்லனுங்க சிரிச்ச ஸ்பீக்கருங்க அது. சாதுவா வாசிச்சா ஒத்துக்காது."

தக்காளி லாரி தந்த வரம்

பாலக்கோட்டில் ஒரு திருவிழாக் கச்சேரி. அன்வர் பாய் பலகையில் ஒரு பெட்டி செய்து டாக்கீஸ் ஸ்பீக்கரை அதில் பொருத்தியிருந்தார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பஸ் கூரையில் ஏற்றக் கண்டக்டர் சம்மதிக்கவில்லை. அதனால் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போகிற தக்காளி லாரி ஒன்றில் காலிக் கூடைகளோடு கூடையாக ஏற்றி அனுப்பினோம்.

மேடையில் முதல் பாட்டு. முனிரத்தினம் அண்ணன் கையைக் காட்டினார். நான் ஆரம்பித்தேன். வந்தது கிட்டார் சத்தமே இல்லை. 'க்ர்ர்ர்ர்ர்' என்று தேனீக்கூட்டம் கலைந்தது போல ஒரு சத்தம். பெட்டியின் முன் துணியை விலக்கிப் பார்த்தால், கூடைக் கம்பி ஒன்று குத்தி ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் அண்ணன் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். நிறுத்தவும் முடியாது, பாட்டு பாதியில் இருக்கிறது. வருவது வரட்டும் என்று அப்படியே வாசித்தேன்.

முன்வரிசையில் இருந்த காலேஜ் பையன்கள் எழுந்து நின்றார்கள். அடித்து விரட்டத்தான் எழுந்தார்கள் என்று நினைத்தேன். விசில் பறந்தது. துண்டுகள் மேலே போயின. பிளேட்டில் கேட்டுக் கேட்டு நானும் பாயும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அதே வெளிநாட்டுச் சத்தம், தக்காளிக் கூடைக் கம்பி வழியாக எங்களைத் தேடி வந்திருக்கிறது! பாய் மேடை ஓரத்தில் குதித்துக்கொண்டே, "அதேதான்! அதேதான்!" என்று கத்துகிறார். பாட்டு முடிந்ததும் விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறி வந்து என் காதருகில் குனிந்தார்: "அடுத்த வருசமும் நீங்கதாங்க. ஆனா அந்தக் கிழிஞ்ச சத்தத்த மறக்காம கொண்டாந்துருங்க."

பெட்டிக்கு இளநீர்

கிழிந்த ஸ்பீக்கர் மேலும் மேலும் கிழியும் அல்லவா? அதனால் ஸ்பீக்கரை ஒட்டிவிட்டு, அந்தக் கரகரப்பை மட்டும் தனியாக உண்டாக்க ஒரு சின்னப் பெட்டி செய்தார் பாய். சோப்பு டப்பா அளவு. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், மேலே ஒரு சுவிட்சு. காலால் ஒரு அமுக்கு அமுக்கினால் கரகர, இன்னொரு அமுக்கு அமுக்கினால் சாது. எனக்கு அது சோப்பு டப்பா இல்லை, புதையல்.

ஆனால் அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்கு எங்கள் ஊர் வெயில் ஆகாது. சித்திரை மாதத்தில் பகல் கச்சேரி ஒன்று. தகரக் கொட்டகை. மத்தியானம் ஆக ஆக, பெட்டி இருமியது, பிறகு விக்கியது, பிறகு மூச்சே இல்லை. பாய் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் அடிக்குது" என்றார். ஈரத் துணி சுற்றினோம். உயிர் வந்தது. துணி காய்ந்தது, உயிர் போனது. கடைசியில் பாய் வெளியே ஓடிப்போய், பந்திக்கு வந்திருந்த இளநீர்க் குலையில் நல்ல குளிர்ந்த காயாக நாலைந்து கொண்டுவந்து, பெட்டியைச் சுற்றி அணைகட்டினாற்போல அடுக்கினார். கரகரப்பு கணீரென்று திரும்பியது. நான் துள்ளிக்கொண்டு வாசித்தேன். அப்போது விமலா இரண்டு பாட்டுகள் தொடர்ந்து பாடிவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. அந்த இளநீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மைக் திறந்திருப்பது தெரியாமல் சொன்னது: "பாடறவளுக்குப் பானைத் தண்ணி கூட இல்ல. டப்பாவுக்கு இளநீரு. அடுத்த பாட்டு அதையே பாடச் சொல்லுங்க."

தையல் மெஷின்

அடுத்து எங்களைப் பிடித்த பேய் 'வா-வா' பெடல். காலால் மிதிக்க மிதிக்கக் கிட்டார் குழந்தை மாதிரி அழும், வாயைத் திறந்து மூடிப் பேசும். பெங்களூரில் ஒரு கடைக்காரர் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார். தொடவிடவில்லை. பாய் அலமாரிக்கு வெளியே நின்றபடி முன்னாலும் பக்கவாட்டிலும் குனிந்து பார்த்துவிட்டு, "வா போலாம்" என்றார்.

ஊருக்கு வந்து, உடைந்த தையல் மெஷினின் கால் மிதி ஒன்றை எங்கிருந்தோ பிடித்தார். ரேடியோவில் ஸ்டேஷன் முள்ளை இழுக்கிற நூல் இருக்குமே, அதை மிதியில் கட்டி, நூலின் மறுமுனையில் டோன் குமிழைக் கட்டினார். மிதித்தால் குமிழ் திரும்பும். சத்தம் 'வா' என்றது! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். கடைக்கு ரேடியோ வாங்க வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அதை மேடையேற்றியபோதுதான் தெரிந்தது, முழு இரும்பு மிதி, மிதிக்க ஒரு பலம் வேண்டும் என்று. தொடை நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் மிதிக்கிறேன். கிட்டார் அருமையாக அழுகிறது. கூட்டம் வாய் பிளந்து பார்க்கிறது. பாட்டு முடிந்தது. இரண்டாம் வரிசையில் கழுத்தில் அளவு நாடா தொங்க உட்கார்ந்திருந்த ஒருவர் உரத்த குரலில், தொழில் அக்கறையோடு சொன்னார்: "ரெண்டு காலையும் வெச்சு மிதிங்க சார். ஒத்தக் கால்ல மிதிச்சா தையல் கோணிக்கும்."

பத்தல... பத்தல...

எக்கோ மெஷின் வந்தது பாட்டுக்காரர்களின் பொற்காலம். டேப் ரிக்கார்டர் நாடாவை வளையமாக ஒட்டி ஓடவிட்டு, போன சத்தத்தையே திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிற கருவி. அது கிட்டாருக்கு வேண்டும் என்று நான். குரலுக்குத்தான் என்று முனிரத்தினம் அண்ணன். இரண்டு பக்கமும் திருப்பிக்கொள்ளச் சுவிட்சு வைத்துச் சண்டையைத் தீர்த்தார் பாய். இருந்தாலும் அண்ணன் அந்தச் சுவிட்சின் மேலேயே துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு கல்யாணத்தில் பாட்டுக்கு நடுவே மாப்பிள்ளையின் தாய்மாமன் அவசரமாக மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். எக்கோ முழுசாகத் திறந்திருந்தது. "பந்தியில சோறு பத்தல!" என்றார். பத்தல... பத்தல... பத்தல... என்று ஊரெல்லாம் எதிரொலித்தது. பயந்துபோய், "யாரு அது?" என்றார். யாரு அது... யாரு அது... பெண் வீட்டார் முகம் சிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. பாய் பாய்ந்து நாடாவைப் பிய்த்து எடுத்தார். அந்த அமைதியில் சமையற்காரர் கையில் கரண்டியோடு பந்தலுக்குள் வந்து இடுப்பில் கைவைத்து நின்று கேட்ட கேள்வியில் இரண்டு வீட்டாரும் சிரித்துவிட்டார்கள். அவர் கேட்டது: "ஏனுங்க மாமா, ஒருக்கா சொன்னா ஒலை வெக்க மாட்டனா? இத்தனை தடவையா மானத்த வாங்குவீங்க?"

கல்யாணப்பெண் வைத்த கை

எழுபதுகளில் சின்னச் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் வந்துவிட்டன. சூட்கேஸ் மாதிரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். டாக்கீஸ் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கித் தூக்கி எங்கள் இடுப்பு போயிருந்தது. புதிதை ஒருவரிடம் பார்த்து விலையும் பேசி வைத்துவிட்டோம். பெரிய பெட்டியை அரூரில் ஒரு மைக் செட்டுக்காரர் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன் அந்தப் பெட்டியோடு ஒப்புக்கொண்ட கச்சேரி ஒன்றே ஒன்று மிச்சம், கம்பைநல்லூரில் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணம்.

மேடையும் மணமக்கள் நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில். இடம் இல்லாததால் என் பெட்டியைப் பெண்ணின் நாற்காலியை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டும்போது அதுவும் பார்த்துப் பார்த்துத் தட்டியது. நான் ஒரு பாட்டில் தடித்த கம்பியில் நீளமாக ஒரு ஓட்டம் வாசித்தேன். பெண் சட்டென்று திரும்பிப் பெட்டியைப் பார்த்தது. மெல்ல மருதாணிக் கையை எடுத்து அதன் பலகை மேல் வைத்தது. கண் விரிந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து அவன் உள்ளங்கையையும் அங்கே வைத்தது.

முனிரத்தினம் அண்ணன் பாடுவதை நிறுத்திவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் மெல்லிய கம்பிகளை விட்டுவிட்டு, தடித்த கம்பிகளிலேயே வாசித்துக்கொண்டிருந்தேன். தாளக்காரரும் பெரிய டிரம்மை மட்டும் வைத்துக்கொண்டார். பெண் தலையை ஆட்டித் தாளம் போட்டது, சரியான இடத்தில். பாய் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரூர்க்காரருக்குப் பெட்டியைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டோம். பெண் விரலால் ஏதோ ஜாடை செய்ய, அதன் அம்மா எங்கள் பக்கம் வந்து அதை வாயால் சொன்னார்: "பாட்டு அவளுக்கு வவுத்துல கேக்குதாமுங்க. இன்னொன்னு வாசிக்கச் சொல்றா."

டிராக்டர் கச்சேரி

இப்போது பெரிய கதை. ஒரு மைதானம், எதிரும் புதிருமாக இரண்டு மேடை. ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் பெரிய ஊரிலிருந்து வந்த குழு. அவர்களுடைய சாமான்கள் அத்தனையும் வெளிநாடு. குரோமிய விளிம்பு, சிவப்பு விளக்கு, வரிசையாகப் பெடல்கள். எந்தக் குழுவுக்குக் கூட்டம் அதிகம் நிற்கிறதோ அவர்களுக்கே இனி அந்தத் திருவிழா என்று கமிட்டி சொல்லிவிட்டது. முனிரத்தினம் அண்ணன் எங்களைக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஊரு நம்மளப் பாத்துச் சிரிப்பாச் சிரிச்சா, நாளையிலிருந்து அவங்கவங்க வேலையப் பாத்துக்கலாம்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழு ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது.

பொழுது சாய்கிற நேரம் அவர்கள் ஆரம்பித்தார்கள். அவர்களுடைய கிட்டார்க்காரர் ஒரு பெடலை அமுக்க, வானமே திறந்த மாதிரி இருந்தது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்போது சுற்றிலும் தோட்டங்களில் பம்பு செட்டுகளைப் போட்டுவிட்டார்கள் போல. டியூப்லைட் கண் சிமிட்டியது. வெளிநாட்டுச் சாமான்கள் முனகின. பிறகு மொத்தமாகக் கரண்ட் போய்விட்டது. இரண்டு மேடையும் ஊமை.

அன்வர் பாய் அதுவரை யாரிடமும் காட்டாத ஒரு பெட்டியைத் துணியிலிருந்து எடுத்தார். பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிபயர்! ஆனால் கொண்டுவந்த பேட்டரியில் சார்ஜ் இல்லை. நான் தலையில் கைவைத்தேன். பாய் மேடையிலிருந்து குதித்து, குடும்பத்தோடு டிராக்டரில் வந்திருந்த பாலக்கோட்டு விவசாயி ஒருவரிடம் ஓடினார். என்ன பேசினாரோ, டிராக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தது, எஞ்சின் அணைந்தது, பேட்டரியிலிருந்து ஒயர் மேலே ஏறியது. மிதியை மிதித்து ஒரு இழுப்பு இழுத்தேன். சத்தம் வந்தது! மைதானமே ஓவென்று கத்தியது.

நாலு பாட்டு போயிருக்கும். எதிர் மேடையிலிருந்து அந்தக் கிட்டார்க்காரர் தன் கிட்டாரோடு கூட்டத்துக்குள் இறங்கி வருவது தெரிந்தது. நேராக வந்து எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார். "ஒரு ஓட்டை காலியா இருக்குங்களா?" என்றார். இருந்தது. சொருகினார். அவர் ஒன்று வாசிக்க, நான் பதில் வாசிக்க, அவர் மடக்க, நான் திருப்ப, அப்படி ஒரு சந்தோஷத்தை விரல்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. யாருக்குக் கூட்டம் அதிகம் என்று எண்ண வந்த கமிட்டிக்காரர்களும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் இரண்டு குழுவும் ஒரே மேடை என்று அங்கேயே அறிவித்தார்கள். முனிரத்தினம் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார், அவருக்குத் தெரிந்த பாராட்டு அதுதான். கடைசிப் பாட்டு முடிகிறபோது பேட்டரியும் முடிந்திருந்தது. டிராக்டர்க்காரர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. ஸீட்டில் எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாட்டு அருமைங்க. இப்பக் கை தட்டுனவங்க எல்லாம் அதே கையோட வந்து வண்டியத் தள்ளுங்க."

இத்தனை பெட்டிகளையும் மிதிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கிட்டாருக்குப் பொருத்தமான சத்தத்தைத் தருகிற அந்த ஒரே ஒரு ஒயர், எப்போதும் நேற்றுக் கச்சேரி நடந்த ஊரில்தான் இருக்கும்.